கப்பன் பூங்காவை எந்த வழியாக நடந்து பார்ப்பது நல்லது?

"பெங்களூரில் ஒரு காலைதான் இருப்பேன், கப்பன் பூங்காவை எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விதான சௌதா மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்வார்கள், உள்சாலைகளில் வண்டி ஓடாது என்பதால். நான் வாரநாளைத்தான் சொல்வேன்.

காரணம், 1870ல் ரிச்சர்ட் சாங்கி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அமைத்த இந்தப் பூங்காவைச் சுற்றிலும் ஒரு மாநிலத்தின் நிர்வாகமே நடக்கிறது. ஒரு பக்கம் 1956ல் கட்டி முடித்த கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா, எதிரே சிவப்பு நிற உயர் நீதிமன்றம். நீதிமன்றத்தை ஒட்டி உள்ளே நுழைந்தால் கறுப்புக் கோட்டு வக்கீல்கள், வழக்குக் கோப்புகளை மார்போடு அணைத்தபடி மரத்தடியில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள் என்று கலவையான கூட்டம். வாசலில் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. எனக்கு இந்தப் பூங்காவில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் மரங்களுக்கிடையே இன்னொரு சிவப்புக் கட்டடம் தெரியும். அது 1915ல் கட்டிய சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், இப்போது மாநில மத்திய நூலகம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர் அவர். அவர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திர மின்திட்டத்திலிருந்துதான் 1905ல் பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது. முன்னால் ரோஜாத் தோட்டம் இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள்.

அங்கிருந்து கஸ்தூர்பா சாலைப் பக்கம் போனால் அரசு அருங்காட்சியகம். இதைத் தவறவிடாதீர்கள். ஆதகூர் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. 949ஆம் ஆண்டு வாக்கில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்ததை அது சொல்கிறது. ராஷ்டிரகூடர் பக்கம் நின்று அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனுக்குக் காளி என்ற வேட்டை நாயைப் பரிசாகத் தந்தான். அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்துப் போயின. கல்லை நட்டது அந்த நாயின் நினைவாக! பன்றியோடு அது மல்லுக்கட்டுவதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வரலாற்றில் படித்த போர் ஒரு நாயின் நடுகல்லில் பதிவாகியிருப்பதைப் பார்க்கவே தனியாக வரலாம்.

விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் அடுத்ததுதான், பிள்ளைகள் கூட இருந்தால் போங்கள். அரசு அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.