எழுத மறுக்கலாம், பொய் எழுதாதீர்கள்

கேள்வி: இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். முன்வரலாறு சரிபார்ப்புப் படிவத்தோடு, தட்டச்சு செய்த இன்னொரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காதல் உண்டா, கருக்கலைப்பு செய்தது உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். தவிர, 17 வயதில் தெருக்குழாயடிச் சண்டையில் அம்மா, அக்காவோடு என் பெயரையும் வழக்கில் சேர்த்தார்கள். என் பங்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தட்டச்சுத் தாள். இதே மாதிரிக் கேள்விகளை எல்.ஐ.சி. ஒருகாலத்தில் கேட்டது. கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாக எழுதினார் என்று நீரா மாத்தூர் என்ற ஊழியரை வேலையைவிட்டே நீக்கியது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்த்ததோடு, அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பு வந்தது 2017-ல்தான்.

'காக்கிச் சட்டை போட்டால் அந்தரங்கம் ஏது?' என்பார்கள். காவலர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியலமைப்பின் 33-வது பிரிவு இடம் தருவது உண்மை. ஆனால் அதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் செய்ய முடியும். அப்படி வந்த 1966-ம் ஆண்டுச் சட்டம் சங்கம் சேர்வதையும் பத்திரிகைகளிடம் பேசுவதையும் பற்றியது. உங்கள் மாதவிடாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்காகக் கோபத்தில் ஏதாவது பொய்யை எழுதிவைக்காதீர்கள். நீரா மாத்தூர் தப்பினார். காவல் துறை வேலையில் அந்தப் பரீட்சை வேண்டாம். 'பணித் தகுதிக்குத் தொடர்பில்லாததால் பதிலளிக்கவில்லை. உடல்தகுதியை மருத்துவக் குழு சோதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தாளைக் கொடுக்குமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விதியின் கீழ் இது தரப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பெரும்பாலும் விதி எதுவும் இருக்காது.

வழக்கு விஷயம் வேறு. குற்ற வழக்கு உண்டா என்று கேட்பது காவல் துறையின் உரிமை. வழக்கைவிட, அதை மறைத்ததால் வேலை போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 24-வது பிரிவுப்படி, 18 வயதுக்குமுன் நடந்த இதுபோன்ற சம்பவம் உங்களைத் தகுதியிழக்கச் செய்யாது. 2019-ல் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையில் (சி.ஐ.எஸ்.எஃப்.) உதவி ஆய்வாளர் பணிக்கு வந்த ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எனவே நடந்ததை எழுதி, பிறந்த தேதியையும் குழுமத்தின் உத்தரவு நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பணி மறுத்தால் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம்.

சம்பவத்தின்போதே 18 வயது தாண்டியிருந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் தொடர்புடையவராகவே தமிழ்நாடு காவல் பணி விதிகள் கருதுகின்றன.

அம்மா, அக்கா மீதான வழக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. குறிப்பாகக் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லக் கடமை உண்டு என்பது அவதார் சிங் வழக்கில் 2016-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. குடும்பத்தார் மீதுள்ள வழக்கைப் படிவம் கேட்டிருந்தால் வழக்கு எண்ணோடு எழுதுங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.