கட்டண உயர்வு 10 காசுதான், ஆனால் ஒரு வெள்ளிக்கு மேல் போகிறதே?

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் பஸ் ஏறி எம்ஆர்டி ரயிலுக்கு மாறுவதாகவும், புதிய கட்டணம் வந்த பிறகு ஒரு வழிக்கே ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் கூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2025 டிசம்பர் 27 முதல் பெரியவர்களுக்கான அட்டைக் கட்டணம் பயணத்துக்கு 9 முதல் 10 காசுதான் ஏறியது. எனவே உங்கள் பஸ், ரயில் இரண்டும் கணக்கில் ஒரே பயணமாகச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. அடிப்படைக் கட்டணமான 1 வெள்ளி 28 காசு இரண்டு முறை போகிறது.

முதலில் பயணக் கட்டணக் கணக்கைக் காட்டும் சிம்ப்ளிகோ (SimplyGo) செயலியில் ஒரு நாள் கணக்கைத் திறந்து பாருங்கள். பஸ்ஸும் ரயிலும் ஒரே பயணமாகத் தெரிகிறதா, தனித்தனியா? கட்டணம் கட்ட பஸ்ஸில் போனையும் ரயில் நிலையத்தில் வாட்ச்சையும் தட்டுகிறீர்களா? வங்கி அட்டை ஒன்றேயானாலும் இரண்டிலும் எண் வேறு, அதனால் சேராது. கடைசிவரை ஒரே கருவிதான்.

இறங்கித் தட்டியபின் 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறவேண்டும், மொத்தமும் 2 மணி நேரத்துக்குள். வழியில் சாப்பிட உட்கார்ந்தால் இங்கேதான் அறுபடும். இறங்கும்போது தட்ட மறந்தால் பஸ் கடைசி நிறுத்தம் வரை போனதாகப் பிடித்துக்கொள்ளும்.

வேலைநாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் தட்டினால் 50 காசு வரை குறையும்.

122 வெள்ளி மாத பாஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள். மாதம் 26 நாள் வேலையென்றால், தினம் 4 வெள்ளி 70 காசுக்கு மேல் செலவானால்தான் கட்டுப்படியாகும்.