பட்டறைக் கேள்வி பதில்: ஆறு மில்லிமீட்டர் துளை

கேள்வி: கப்பி மாட்டுவதற்காக எங்கள் ஃபைபர் படகின் பக்கச் சுவரில் 6 மில்லிமீட்டர் துளை போட்டோம். ஒரு பருவம்கூட முடியவில்லை. துளைக்கு மேலும் கீழும் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கிறது. துளை போட்டவரோ, ‘இத்தனை அகலத்தில் இது கொசுக்கடி’ என்கிறார்.
— ஒரு மீனவர், தேவனாம்பட்டினம்

பதில்: அந்த இடத்தில் சுவர் 300 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் துளை தின்றது வெறும் 2 சதவீதம்தான். கொசுக்கடி என்று அவர் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. ஆனால் வலையில் ஒரு கண் அறுந்தால் அடுத்து எது அறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த கண்ணின் பாரம் வலை முழுவதற்கும் பங்காகப் போவதில்லை, பக்கத்துக் கண் தலையில் விழுகிறது. படகின் சுவரும் அப்படித்தான்.

1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிட்டார். அகலமான தகட்டில் சிறு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. (தகைவு என்பது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை.) இரும்பாக இருந்தால் அந்த விளிம்பு கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். உங்கள் ஃபைபர் படகின் கண்ணாடி இழைக்கு நெளியத் தெரியாது, முறியத்தான் தெரியும். இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் மேட் அடுக்கில் இதே மூன்று மடங்குதான். நெடுக்கும் குறுக்குமாக நெய்த ரோவிங்கை (இழைக் கற்றைத் துணியை) இழைப் போக்கிலேயே இழுத்தால் மூன்றரையைத் தாண்டிவிடும். இத்தோடு போல்ட் வேறு துளையின் சுவரை இடிக்கிறது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. துளையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மழுங்கிய டிரில் பிட்டை அழுத்தி ஓட்டினால், அது வெளிவரும் இடத்தில் கடைசி அடுக்கு பிய்ந்து, துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர்கள் முன்னால் நானே அப்படி ஒரு தகட்டைக் கெடுத்திருக்கிறேன். முன்பக்கம் கண்ணாடி போல, பின்பக்கம் செவ்வந்திப் பூ. இரண்டு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், அடுக்கு விட்ட இடம் டொப்பென்று விழும். பின்னால் ஒரு மரத்துண்டை அணை கொடுத்துக் கூரான பிட்டால் துளைத்திருந்தால் இந்தப் பூ பூத்திருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: வெடிப்பின் மேல் புட்டி பூசி மறைக்காதீர்கள். கெட்ட இடத்தைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து எடுங்கள். சுவரின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு அந்தச் சரிவு இருக்கட்டும். அதன் மேல் இழை அடுக்குகளை ரெசின் (இழைகளைப் பிடித்து இறுகும் பிசின்) வைத்துக் கட்டி, துளை வரும் இடத்தில் இரண்டு மூன்று அடுக்கு கூடுதலாகக் கொடுங்கள். புதுத் துளை சுவரின் ஓரத்திலிருந்து குறைந்தது 18 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கட்டும். துளையின் உட்சுவரில் ரெசின் தடவ மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் இழை வழியே உள்ளே போகும். அகல வாஷர் போடுங்கள். கட்டுமரக் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை, எல்லாம் கயிற்றுக் கட்டுதான்.

கேள்வி: கார்பன் இழைகள் எல்லாம் ஒரே திசையில் உள்ள தகட்டில் வட்டத் துளை வைத்து, இழைப் போக்கில் இழுத்துக் கணினியில் ஆய்வு செய்தேன். துளை விளிம்பில் தகைவு 6.9 மடங்கு வருகிறது. புத்தகத்தில் 3 என்றுதானே இருக்கிறது, தவறு செய்திருக்கிறாய் என்கிறார்கள்.
— இறுதியாண்டு மாணவி, காலாப்பட்டு

பதில்: தவறு உன்னுடையதல்ல, மகளே. அந்த 3 எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளுக்கு. உன் தகட்டுக்கு, திசைக்குத் திசை குணம் மாறும் பொருள்களுக்குக் கணக்குப் போட்ட லெக்னிட்ஸ்கியின் சூத்திரம் வேண்டும். தாளில் போட்டுப் பார். இழைப் போக்கில் விறைப்பு (நீளாமல் எதிர்க்கும் அளவு) 140 கிகாபாஸ்கல், குறுக்கே 10, சறுக்கு விறைப்பு 5, பாய்சான் விகிதம் (இழுக்கும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) 0.3 என்று எடுத்துக்கொள்கிறேன். 140-ஐ 10-ஆல் வகுத்தால் 14, அதன் வர்க்கமூலம் 3.74. அதில் 0.3-ஐக் கழித்து இரட்டித்தால் 6.88. இதனுடன் 140-ஐ 5-ஆல் வகுத்த 28-ஐக் கூட்டினால் 34.88. அதன் வர்க்கமூலம் 5.9, ஒன்றைக் கூட்டு: 6.9. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டு.

ஆனால் தகடு ஏழில் ஒரு பங்குச் சுமையிலேயே முறிந்துவிடும் என்று அறிக்கையில் எழுதிவிடாதே. மூங்கிலில் ஆணி அடித்தால் நெடுக வெடிக்கிறதல்லவா? துளையின் ஓரத்திலும் இழைகளுக்கு இடையே அப்படி ஒரு பிளவு நெடுக ஓடி, விளிம்பின் பாரத்தைத் தளர்த்திவிடுகிறது. துளையின் அளவையும் பார்க்க வேண்டும். விளிம்பில் உள்ள தகைவைப் பார்க்காதே, சற்றுத் தள்ளிப் பார் என்று 1974-இல் விட்னி, நூயிஸ்மர் என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தத் தூரத்தை 1 மில்லிமீட்டர் என்று வைத்து, இழைகள் பல திசையிலும் சமமாக உள்ள அகலமான தகட்டுக்கு நான் கணக்குப் போட்டேன். 3 மில்லிமீட்டர் துளையிட்டால் 73 சதவீத வலிமை மிஞ்சுகிறது, 6-க்கு 57, 50-க்கு வெறும் 36. மூன்றிலும் விளிம்புத் தகைவு அதே மூன்று மடங்குதான். சிறு துளையில் அந்த உச்சம் மிகக் குறுகிய இடத்தில் அடங்கிவிடுகிறது. பெரிய துளையில் அது அகலமாகப் பரவி நிறைய இழைகளைப் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: ஃபைபர் கதவில் சதுரமாக ஒரு திறப்பு வெட்ட வேண்டும். மூலைகள் கூராக இருக்கலாமா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடாது. மூலை எவ்வளவு கூரோ அவ்வளவு தகைவு அங்கே ஏறும். நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு, பிறகு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு நேராக அறுக்கச் சொல்லுங்கள்.