கால்வாய், ஆறுகளில் ஒரு பருவம் படகில் சுற்றத் திட்டமிடுவது எப்படி?

தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீர்மட்டம் மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை எண்ணுங்கள். கால்வாயில் நடைவேகம்தான், மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். ஒவ்வொரு லாக்குக்கும் கால் மணி நேரம் வையுங்கள். 12 கிலோமீட்டர், 8 லாக்குகள் என்றால் நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு அதுவே போதும் என்பேன்.

லாக்கில் இறங்கும்போது படகை முன்னே தள்ளி நிறுத்துங்கள். தண்ணீர் வடிய வடிய, பின்கதவை ஒட்டிப் பாசி படிந்த திட்டு தலைகாட்டும். சுக்கான் அதில் மாட்டினால் பின்பகுதி தொங்கி, படகே மூழ்கிவிடும்.

ஆற்றின் குணம் வேறு. மழைக்குப் பின் நீரோட்டம் சீறும், பாலத்தடி இடைவெளி குறையும். அதற்கென்று சில நாட்களை உபரியாக ஒதுக்குங்கள். நங்கூரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பராமரிப்புக்காகக் கால்வாயை மூடும் தேதிகளையும் முன்பே பார்த்துவிடுங்கள்.