கையெழுத்தில்லாத பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய பாணி) புராண ஓவியத்தை ‘பெயர் தெரியாத பிரெஞ்சு ஓவியர்’ என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு ஒருவர் காட்டிய படம் 97 × 130 செ.மீ.; ரோமானியரின் வேட்டைத் தெய்வம் டயானாவும் ஒரு தோழியும்; கையெழுத்து இல்லை; பின்னால் புதுத் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. முகங்களைப் பார்த்ததும் “பூசான் மாதிரி இருக்கிறதே” என்று 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியரின் பெயரோடு ஆரம்பித்தால் வழி தவறிவிடும். முதலில் ஓரங்களைப் பாருங்கள்.

பழைய பாரிஸ் அளவான ‘பியே’ 32.48 செ.மீ. ஆகவே இது ஏறக்குறைய 3 × 4 பியே. பிரெஞ்சுப் படம் என்பதற்குச் சான்றுபோலத் தோன்றும். ஆனால் ரோமின் ‘பால்மோ’ சுமார் 22.3 செ.மீ.; 6 பால்மோ 134 செ.மீ. ஆகிறது. வித்தியாசம் நான்கே செ.மீ. புதுத் துணி ஒட்டும்போது ஓரத்தை நறுக்கியிருந்தால் அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆணியடித்து இழுத்துக் கட்டிய இடங்களில் நூலிழை அலையலையாக வளைந்திருக்கும், எக்ஸ்ரேயில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வளைவு இல்லையென்றால் அங்கே கத்தரி பட்டிருக்கலாம்.

அடுத்தது அடிப்பூச்சு, அதாவது வரைவதற்கு முன் துணியில் பூசும் தளம். விரிசல் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவு துணுக்கு எடுத்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கீழே செங்காவி, மேலே ஈய வெள்ளையும் கரியும் கலந்த சாம்பல் என்ற இரட்டைப் பூச்சு 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் சகஜம். டச்சுக்காரர்களிடமும் அது உண்டு, அதனால் தனியாக அதை நம்பக் கூடாது. தவிர, அடிப்பூச்சு பெரும்பாலும் படம் எங்கே வரையப்பட்டது என்பதைத்தான் காட்டும், வரைந்தவர் பிறந்த ஊரை அல்ல. ரோமில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நிறமியான பிரஷ்யன் நீலம் தென்பட்டால் அந்த நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம். அது மூலப் பூச்சில் இருக்கிறதா, பழுதுபார்த்தவரின் திருத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது அச்சுப்படத் தேடல்: இதே காட்சி உள்ள பழைய அச்சுப்படத்தைத் தேடுவது. பிரெஞ்சு ஓவியர் சிமோன் வூவேயின் படங்களை அவர் மருமகன் மிஷேல் டோரிஞி செம்புத் தகட்டில் செதுக்கிப் பரப்பினார். அச்சில் பெரும்பாலும் இடம் வலமாகும், வண்ணமும் இருக்காது. எனவே அச்சைப் பார்த்து வரைந்த நகலில் காட்சி திரும்பியிருக்கும், வண்ணங்கள் நகலெடுத்தவரின் சொந்தச் சரக்காக இருக்கும். தேடுவதற்கு முன் கதையை உறுதிசெய்யுங்கள். பக்கத்தில் கழுகு இருந்தால் அது டயானா அல்ல. அவள் உருவில் வந்து அவளுடைய தோழி கலிஸ்டோவை ஏமாற்றும் தேவராஜன் ஜூபிட்டர். தேட வேண்டிய படமே மாறிவிடும்.

பிரான்ஸில் ஏல அட்டவணையின் சொற்களை 1981 மார்ச் 3ஆம் தேதி அரசாணை கட்டுப்படுத்துகிறது. ஒருவருக்கு ‘உரியதாகக் கருதப்படுவது’ என்று எழுதினால், அவர் காலத்தில் உருவானது, அவருடையதாக இருக்க வலுவான காரணம் உண்டு என்று பொருள். ‘அவர் பாணியில்’ என்றால் எந்த உத்தரவாதமும் கிடையாது. 1968இல் ‘ஒலிம்போஸும் மார்சியாஸும்’ என்ற புராணப் படம் கர்ராச்சி பள்ளி (இத்தாலிய ஓவியர்களான கர்ராச்சிகளின் வழிவந்தவர்கள்) என்ற பெயரில் 2,200 பிராங்குக்கு விற்றது. மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமையைப் பயன்படுத்தி அரசு அதை வாங்கியது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் அதையே பூசான் வரைந்தது என்று மாட்டியது. விற்ற தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். 1987இல்தான் விற்பனை செல்லாது என்று தீர்ந்தது.

உங்கள் படத்துக்குச் சாம்பல் பூச்சும் திரும்பிய அச்சும் பொருந்தினால், ‘பிரெஞ்சு ஓவியர், 17ஆம் நூற்றாண்டு, வூவேயின் அச்சைப் பின்பற்றி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.