மிட்டாய் டப்பாவுக்குள் கீபோர்டு: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: புதினா மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளளவு 92 × 55 மி.மீ., ஆழம் 20. அதில் 15 பட்டன் வைத்து ஒரு குட்டி கீபோர்டு செய்ய ஆசை. சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச், பட்டன்களைக் கணினியோடு இணைக்க மலிவான அர்டுயினோ நானோ போர்டு, கொஞ்சம் டயோடு, ஒரு புளூடூத் மாட்யூல் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள். அந்தப் பட்டியலில் நான்குமே மாற வேண்டும்.

முதலில் நானோ. பழைய நானோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப்புக்கு நேரடி யூஎஸ்பி கிடையாது. அதனால் கணினி அதைக் கீபோர்டாக ஏற்காது. ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ வாங்குங்கள். யூஎஸ்பி-சி துளை உள்ளதாகப் பாருங்கள். பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை, கேபிளைச் சற்று வேகமாக இழுத்தாலே பெயர்ந்து வந்துவிடக்கூடும். போர்டோடு வரும் ஊசி வரிசையைப் பற்றவைக்காமல் ஒயரை நேராகப் பற்றவையுங்கள். ஆழத்தில் பல மி.மீ. மிச்சமாகும்.

ஸ்விட்சில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். நீங்கள் சொல்லும் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச், அதாவது எம்எக்ஸ் வகைக்கு, ஒரு பட்டனுக்கு 19.05 மி.மீ. இடைவெளி. மூன்று வரிசை வைத்தால் 57 மி.மீ. தாண்டும், உங்கள் டப்பாவோ 55தான். உயரமும் இடிக்கும், மூடி மூடாது. கைல் சாக் என்ற தட்டை ஸ்விட்சை 18 × 17 இடைவெளியில் வைக்கலாம். ஐந்து பத்தி 90, மூன்று வரிசை 51. கச்சிதமாக உட்காரும்.

ஆனால் கீகேப்பை, அதாவது ஸ்விட்சின் மேல் மாட்டும் மூடியை, கவனித்து வாங்குங்கள். சாக் முதல் பதிப்பின் கேப்பில் இரண்டு கால் இருக்கும், எம்எக்ஸ் கேப்பில் கூட்டல் குறி வடிவத் துளை இருக்கும். ஒன்று மற்றதில் ஏறாது. இரண்டாம் பதிப்பு சாக்கில் கூட்டல் குறிதான் இருக்கிறது. அதனால் விற்பவர் 'சாக்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பதிப்பு என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டயோடு வேண்டாம். பல பட்டன்கள் ஒரே பின்னைப் பகிரும்போதுதான் அது தேவை. புரோ மைக்ரோவில் ஒயர் இணைக்க 18 பின் (இணைப்பு முனை) கிடைக்கிறது, உங்களுக்குத் தேவை 15. ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு காலைத் தனித்தனிப் பின்னுக்கும், மறு காலை எல்லாவற்றுக்கும் பொதுவாக போர்டின் கிரவுண்டு (ஜிஎன்டி) முனைக்கும் கொடுத்தால் போதும். இலவச கியூஎம்கே மென்பொருள் இந்த இணைப்பை ஏற்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மற்றவை வேறு எழுத்தாக மாறும்படியும் அதில் அமைக்கலாம். 15 பட்டனில் முழு அகரவரிசையும் வருவது அப்படித்தான்.

புளூடூத்தைத் தகர டப்பாவில் வைக்காதீர்கள். மூடிய தகரம் அலையைத் தடுத்துவிடும். ஒயர் இல்லையென்றால் பேட்டரியும் உள்ளே வைக்க வேண்டும்; லித்தியம் பேட்டரியின் மெல்லிய உறையை வெட்டிய தகரத்தின் விளிம்பு கிழித்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஒயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் ஒரு சுருளும் சின்ன அரமும் வாங்குங்கள். நான் செய்த முதல் டப்பாவில், எந்தப் பட்டனையும் அழுத்தாமலே ஒரே எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால், பற்றவைத்த ஒரு முனை தகரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடித்தளம் முழுக்க டேப் ஒட்டியதும் அது நின்றது. கேபிளுக்காக டப்பாவில் வெட்டும் துளையின் விளிம்பை விரல் வைத்தால் உறுத்தாத அளவுக்கு அராவுங்கள்.

அப்புறம், கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு ஒயர் இருக்காது. போர்டு பழுது என்று திருப்பி அனுப்பும் முன் வேறு கேபிள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.