மும்பைக்கு நான்கு நாள்: முதலில் ஓட்டலை மாற்றுங்கள்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கணவர், எட்டு வயது மகள், மாமியார் எல்லோருமாக நான்கு நாள் மும்பை போகிறோம். டிராவல்ஸ்காரர் முதல் நாளிலேயே பதினோரு இடம் போட்டிருக்கிறார். ஓட்டல் அந்தேரியில். மாமியாருக்கு முழங்கால் வலி, வெளிச்சாப்பாடும் பிடிக்காது. யாருக்கும் இந்தி வராது. லோக்கல் ரயில் என்றாலே எனக்குப் பயம். என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: பதினோரு இடமா? காருக்குள் உட்கார்ந்து டிராஃபிக்கைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். நீங்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தெற்குக் கோடியில், அந்தேரி வடக்கே. காலையில் பெருங்கூட்டம் தெற்கே போகும், மாலையில் வடக்கே திரும்பும். அந்தேரியில் தங்கினால் இரண்டு வேளையும் அந்தக் கூட்டத்தில்தான் மாட்டுவீர்கள். நடுவில் இருக்கிற தாதர், மாட்டுங்கா பக்கம் ரூம் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மாட்டுங்கா சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் மாமியார். தென்னிந்தியர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி அது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லி, ரசம், டிகிரி காபி எல்லாம் கிடைக்கும். கடைத்தெருவில் தொடுத்த மல்லிகையும் வாழையிலையும் விற்கும். தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். மற்ற இடங்களில் போக வேண்டிய பெயரை போனில் காட்டினால் டாக்ஸிக்காரருக்குப் புரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாந்த்ரா, சயனைத் தாண்டித் தெற்கே ஆட்டோ கிடையாது. கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான், மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள்.

லோக்கல் ரயிலுக்குப் பயப்படுவது நியாயம்தான். ஸ்டேஷனில் அரை நிமிடம்கூட நிற்காது. மாமியாரை அதில் ஏற்றவே வேண்டாம். அவருக்கு 2025-இல் முழுமையாகத் திறந்த மெட்ரோ 3 இருக்கிறது. தாதர், சித்திவிநாயக், சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்), சர்ச்கேட் எல்லாம் அந்த ஒரே பாதையில் வருகின்றன. சித்திவிநாயகர் கோயிலைச் செவ்வாயன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், வரிசை நகராது. மகளுக்கு லோக்கல் ரயிலைக் காட்டாமல் திரும்பாதீர்கள். காலைக் கூட்டம் அடங்கியபின், பதினோரு மணிக்கு மேல், தாதரிலிருந்து சர்ச்கேட் வரை நீங்கள் இருவரும் பெண்கள் பெட்டியில் போய்ப் பாருங்கள். இறங்கும் ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கதவுப் பக்கம் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சர்ச்கேட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஓவல் மைதானம். டிராவல்ஸ்காரர்கள் பலர் இதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. எனக்கு மும்பையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நடுவில் நின்று கிழக்கே பார்த்தால் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டும், கூரிய வளைவுகளோடு நிற்கும். அப்படியே மேற்கே திரும்பினால் 1930-களில் எழுந்த ஆர்ட் டெகோ பாணி அடுக்குமாடிகள்: வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் கோடு கோடாக நிழல் தடுப்பு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து 2018-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடுவிலே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், பந்து வருகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். வெயில் தாழ்ந்ததும் மரைன் டிரைவ் போய்க் கடற்கரைச் சுவரில் உட்காருங்கள். முதல் நாளுக்கு இது போதும்.

எலிஃபெண்டா தீவுக் குகைகளை உங்கள் திட்டத்தில் திங்கட்கிழமை போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். திங்களன்று குகைகள் மூடியிருக்கும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரப் பயணம். மேலே ஏற நூற்றுக்கு மேல் படிகள். மாமியாருக்கு டோலி பேசிக்கொள்ளலாம், ஏறுமுன்பே கூலியைப் பேசிவிடுங்கள். உள்ளே பாறையிலேயே குடைந்த மூன்று முகச் சிவன், சுமார் இருபது அடி உயரம். நேராகப் போய் முன்னால் நிற்காமல் தூண்களுக்கு நடுவே மெதுவாக நடந்து வாருங்கள். இருட்டு கண்ணுக்குப் பழகப் பழகத்தான் முகங்கள் தெளியும். எலிஃபெண்டாவுக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.

நடிகர்களின் பங்களா வாசல், மால் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பூட்டிய கேட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா? அந்த நேரத்தில் தாதர் ஸ்டேஷன் வெளியே சூடாக வடாபாவ், அதாவது பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை, சாப்பிடலாம். மகளுக்குப் பூண்டுப் பொடியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், காரம் தூக்கும்.